பகலில் வகுப்பு, இரவில் கேம்: ஒரே லேப்டாப் நான்கு வருடம் தாங்குமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். இயந்திரப் பொறியியல் முதலாண்டு சேரப் போகிறீர்கள். சாலிட்வொர்க்ஸ் மாதிரி, இயந்திரப் பாகங்களை வரையும் கேட் (CAD) மென்பொருள் ஓட வேண்டும். இரவில் வாலரன்ட், எல்டன் ரிங், சைபர்பங்க் 2077 ஆட வேண்டும். நான்கு வருடத்துக்கு இன்னொரு லேப்டாப் வாங்குகிற நிலைமை வரக்கூடாது. இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள்: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மெல்லிய லேப்டாப், 1.9 கிலோ, ஆர்டிஎக்ஸ் 4050 போட்ட தடித்த லேப்டாப், 2.5 கிலோ. 4060தான் பெரிய எண், அதையே வாங்கிவிடலாமா, கூடவே கூலிங் பேடும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கிராஃபிக்ஸ் கார்டு பற்றிய கேள்வி. ஆனால் தினமும் முதுகில் சுமந்து போய் வகுப்பில் திறக்கிற பெட்டியும், ராத்திரி மூன்று மணி நேரம் கொதிக்கப் போகிற பெட்டியும் ஒன்றாகவே இருக்க முடியுமா, அப்படியென்றால் எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன்.

நான் பதின்மூன்று வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறவன். அதனால் எந்த உறுப்பு எப்போது, ஏன் போகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: என் மேஜைக்கு வருவது பழுதானவை மட்டும்தான். நான்கு வருடம் சத்தமில்லாமல் உழைத்த லேப்டாப்பை யாரும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவதில்லை. ஆகவே எந்தக் கம்பெனி நல்லது என்று நான் தீர்ப்புச் சொன்னால் அது நியாயமாக இருக்காது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

கார்டின் பெயரிலிருந்தே தொடங்குவோம், பலரும் ஏமாறுவது அங்கேதான். லேப்டாப்பில் '4060' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது என்ன சிப் என்று தெரியும், எவ்வளவு வேகமாக ஓடும் என்று தெரியாது. 4060 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் அமைத்துக்கொள்ள என்விடியா கம்பெனிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் பிராசசரின் பங்கிலிருந்து 25 வாட் வரை கடன் வாங்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. அதனால்தான் சில விளம்பரங்களில் 140 வாட் என்று பார்க்கிறீர்கள். முன்பெல்லாம் குறைந்த வாட்டில் ஓடும் கார்டுக்கு 'மேக்ஸ்-கியூ' என்று பெயரிலேயே அடையாளம் இருந்தது. 2021ல் 30 வரிசை வந்தபோது பெயரிலிருந்து அது காணாமல் போய்விட்டது. இப்போது 60 வாட் 4060க்கும் 140 வாட் 4060க்கும் வெளியே ஒரே ஸ்டிக்கர்தான். முழு வாட்டில் ஓடும் 4050, பட்டினி போட்ட 4060க்குச் சமமாக ஓடுவதில் ஆச்சரியமே இல்லை. மேசைக் கணினியின் கார்டோடு லேப்டாப் கார்டை ஒப்பிடுவதும் தவறு. 4070 என்ற அதே பெயரில் மேசைக் கணினிக்கு 12 ஜிபி நினைவகத்தோடு ஒரு கார்டும், லேப்டாப்புக்கு 8 ஜிபியோடு வேறொரு சின்ன சிப்பும் விற்கிறார்கள்.

வாட் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். என் மேஜையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 60 வாட். கார்டு 120 வாட்டும் பிராசசர் 60 வாட்டும் எடுத்தால் மொத்தம் 180 வாட், அதாவது மூன்று சால்டரிங் அயர்ன். அவ்வளவு சூட்டையும் இரண்டு சென்டிமீட்டர் தடிமன் உள்ள பெட்டிக்குள் வைத்து, இரண்டு சின்ன ஃபேன்களால் ஊதித் தள்ள வேண்டும். மெல்லிய லேப்டாப் செய்கிறவர்கள் வாட்டைக் குறைப்பது வஞ்சகத்தால் அல்ல, சூட்டை வெளியேற்ற அவர்களுக்கு வேறு வழியில்லை. நாம்தான் தெரிந்து வாங்க வேண்டும். கம்பெனியின் சொந்த இணையதளத்தில், அந்த மாடலின் முழு விவரப் பக்கத்தில், பெரும்பாலும் கீழே சிறிய எழுத்தில் 'டிஜிபி' அல்லது 'மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர்' என்று இருக்கும். வாங்கிய பிறகு என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தாலும் அதே எண் தெரியும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அதைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் இரண்டு லேப்டாப்புக்கு வருகிறேன். வாட் ஒரு பக்கம் என்றால் கார்டின் சொந்த நினைவகம் இன்னொரு பக்கம். 4050ல் 6 ஜிபி, 4060ல் 8 ஜிபி. வாட் குறைந்தால் கேம் சீராகவே ஓடும், கொஞ்சம் மெதுவாக. நினைவகம் போதாவிட்டால் நடுநடுவே திக்கித் திக்கி நிற்கும், பரப்புகள் மங்கலாகத் தெரியும். 6 ஜிபியில் இன்றைக்கே பல புதிய கேம்களில் டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்துத்தான் ஆட முடிகிறது. இது உறுதியான விஷயம். நான்காம் வருடத்தில் 8 ஜிபி போதுமா என்பது ஊகம். என் கணிப்பு, 1080பி திரையில் நடுத்தர அமைப்பில் சமாளிக்கலாம். அதனால் அந்த மெல்லிய 4060க்கு 80 வாட்டுக்குக் குறையாமல் கொடுத்திருந்தால் அதையே எடுங்கள். 60 வாட் அல்லது அதற்கும் கீழே என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, 4060 அல்லது அதன் வாரிசான 5060 (அதுவும் 8 ஜிபிதான்) போட்ட, 2.2 கிலோ அளவில் 100 வாட் கொடுக்கிற மூன்றாவது ஒன்றைத் தேடுங்கள். தடித்த 4050ஐ நான் கடைசியில்தான் வைப்பேன். அதன் சுமை முதல் நாளிலிருந்து உங்களுடையது, அதன் 6 ஜிபியோ வருடம் ஏற ஏறச் சின்னதாகிக்கொண்டே போகும்.

படிப்புக்கு வேண்டியதையும் பார்ப்போம், ஏனென்றால் வீட்டில் கார்டுக்கு அதைத்தான் காரணமாகச் சொல்லியிருப்பீர்கள். சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும், மேக்கில் கிடையாது. மாணவர் செய்யும் அளவு பாகங்களை வரைவதில் கார்டை விட பிராசசரின் ஒற்றைக் கோர் வேகம்தான் கைகொடுக்கும், ஏனென்றால் ஒரு பாகத்தின் வரைபடத்தை மாற்றி மாற்றிக் கணக்கிடும் வேலை பெரும்பாலும் ஒரு கோரில்தான் நடக்கிறது. கேமிங் கார்டுகள் சாலிட்வொர்க்ஸின் அங்கீகாரப் பட்டியலில் வராது. அதனால் ரியல்வியூ என்ற பளபளப்புக் காட்சி கிடைக்காமல் போகலாம். வரைவதற்கும் மதிப்பெண் வாங்குவதற்கும் அதனால் எந்தக் குறைவும் இல்லை. ஆர்ம் (போன்களில் இருக்கும் வகை) பிராசசர் போட்ட விண்டோஸ் லேப்டாப்கள் பேட்டரியில் அருமையாக நிற்கின்றன, ஆனால் பொறியியல் மென்பொருளும் கேமும் சேர்ந்து ஓட வேண்டிய உங்களுக்கு அந்தப் பக்கம் இப்போது வேண்டாம்.

பிராசசர் பெயரிலும் ஒரு கண் வையுங்கள். ரைசன் 7 7735எச்எஸ், ரைசன் 7 7840எச்எஸ் இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவதன் உள்ளே இருப்பது ஜென் 3 பிளஸ், அதாவது முந்தைய தலைமுறைக்குப் புது எண் போட்டது. இரண்டாவதில்தான் ஜென் 4. ஏஎம்டியின் அந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் தலைமுறையைச் சொல்லும். 7735எச்எஸ் கெட்ட பிராசசர் இல்லை, புதியதற்கான விலையில் அதை வாங்கினால்தான் தப்பு. மற்றபடி, பெயரின் கடைசியில் எச் அல்லது எச்எஸ் என்று வரும் வகையில் நடுத்தரமான ஒன்று உங்களுக்குப் போதும். எச்எக்ஸ் வகைக்குப் போனால் சூடும் பேட்டரிச் செலவும்தான் கூடும்.

ரேம் 16 ஜிபி. அதற்குக் கீழே போகாதீர்கள். அது எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பதையும் கேளுங்கள். இரண்டு ஸ்லாட் இருந்து 16 ஜிபி ஒரே ஸ்டிக்காகப் போட்டிருந்தால் பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே பாதிப் பாதைதான் திறந்திருக்கும், கேமில் அது தெரியும். பின்னால் அதே மாதிரி இன்னொரு ஸ்டிக் போட்டு 32 ஆக்கிக்கொள்ளலாம் என்பது அதில் உள்ள நல்ல பக்கம். போர்டிலேயே பற்றவைத்த ரேம் என்றால் முதல் நாள் வாங்கியதுதான் கடைசி நாள் வரைக்கும், என்னாலும் கூட்டித் தர முடியாது. எஸ்எஸ்டி 512 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும், ஒரு பெரிய கேமே 100 ஜிபியைத் தாண்டுகிறது. இன்னொரு எஸ்எஸ்டி செருக இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருந்தால் கவலை இல்லை.

திரையில் ஆட்கள் 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் என்ற எண்ணைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். வாலரன்ட்டில் அது உண்மையாகவே உதவும்: 60 ஹெர்ட்ஸில் ஒரு சட்டகத்துக்கும் (ஃபிரேம்) அடுத்ததற்கும் சுமார் 16.7 மில்லிசெகண்ட் இடைவெளி, 144ல் சுமார் 7. ஆனால் எல்டன் ரிங் 60 சட்டகத்துக்கு மேல் போகாதபடி கட்டிப்போடப்பட்ட கேம், அதில் உங்கள் 144க்கு வேலையே இல்லை. நான் முதலில் பார்ப்பது நிறமும் வெளிச்சமும். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவாக விவரப் பக்கத்தில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று இருந்தால் நகர்ந்துவிடுங்கள், அது வெளுத்துப்போன திரை. சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்று இருக்க வேண்டும். வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறையக்கூடாது, ஜன்னலோர இருக்கையில் உட்காரும் அன்று அருமை புரியும். 16:10 விகிதத் திரை கிடைத்தால் எடுங்கள், பாடக் குறிப்பில் நாலைந்து வரி கூடுதலாகத் தெரியும்.

பேட்டரிதான் கல்லூரிக்கும் கேமுக்கும் நடக்கிற உண்மையான சண்டை. 80 வாட்-அவர் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பெடுப்பது, பிடிஎஃப் படிப்பது, பிரவுசர் என்று லேப்டாப் 10 வாட் சாப்பிட்டால் கணக்குப்படி எட்டு மணி நேரம். அதே நேரத்தில் தனிக் கிராஃபிக்ஸ் கார்டு தூங்காமல் சும்மா விழித்துக்கொண்டு இன்னொரு 10 வாட் எடுத்தால் நான்கு மணி நேரம்தான். 'கேமிங் லேப்டாப் பேட்டரி நிற்காது' என்று புலம்பி என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு பேட்டரி நன்றாகத்தான் இருக்கும், கார்டு தூங்காததுதான் காரணம். விளக்கு அலங்கார மென்பொருள், பின்னணியில் கிடக்கும் கேம் லாஞ்சர், சில நேரம் பிரவுசர்கூட அதை எழுப்பி வைத்திருக்கும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஜிபியு ஆக்டிவிட்டி ஐகானைப் போட்டுவிட்டால் யார் எழுப்புகிறார்கள் என்று பெயரோடு காட்டும். பல லேப்டாப்களில் கம்பெனி மென்பொருளில் 'ஈகோ' மாதிரி ஒரு அமைப்பு இருக்கும், அது கார்டையே அணைத்துவிடும். வகுப்புக்குப் போகும்போது அதில் வையுங்கள். எதிர்ப்பக்கத்துக்கு, மக்ஸ் ஸ்விட்ச் என்ற வசதி இருந்தால் கேம் ஆடும்போது கார்டு நேராகத் திரைக்குப் படம் அனுப்பும், நடுவில் பிராசசரின் கிராஃபிக்ஸ் வழியாகச் சுற்றாது. இரண்டும் உள்ள லேப்டாப்தான் பகலுக்கும் இரவுக்கும் பொருந்தும். பேட்டரியில் பெரிய கேம் ஆடலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். இந்த மாதிரி கேமிங் லேப்டாப்களில் அது பெரும்பாலும் வேகம் வெகுவாகக் குறைந்து, ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும்.

சார்ஜரையும் எடை போட்டுப் பாருங்கள். 1.9 கிலோ என்று எழுதியதில் சார்ஜர் சேராது, செங்கல் மாதிரியான 200 வாட் சார்ஜர் முக்கால் கிலோ வரை வரும். டைப்-சி வழியாக 100 வாட்டில் சார்ஜ் ஏறுமா என்று கட்டாயம் விசாரியுங்கள். டைப்-சி துளை இருந்தாலே ஏறும் என்று அர்த்தமில்லை, பவர் டெலிவரி என்று தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். ஏறும் என்றால் செங்கல்லை அறையிலேயே விட்டுவிட்டு, உள்ளங்கை அளவு சார்ஜர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். நான்கு வருடச் சுமையில் இது பெரிய நிம்மதி.

இனி உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று. கார்டு வேகம் போதாமல் யாரும் என்னிடம் வந்ததில்லை. மாணவர்களிடமிருந்து வருவது கீல் உடைந்தது, சார்ஜிங் துளை ஆடுவது, பேட்டரி உப்பியது, சூடாகி அணைவது. கீல் எப்படிப் போகிறது என்றால், மூடியின் கீல் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை நட்டுகளில்தான் பிடித்திருக்கும். மூடியை ஒரு மூலையைப் பிடித்தே தினமும் திறந்தால் பாரம் ஒரு பக்கத்து நட்டுகளில் விழும். ஒரு நாள் அவை பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வரும். அப்போதும் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் திரையின் கேபிளும் அறுந்துவிடும். கடையில் பார்க்கும்போது மூடியை நடுவில் ஒரு விரலால் தூக்குங்கள். அடிப்பாகம் கூடவே எழும்பினால் கீல் அளவுக்கு மீறி இறுக்கம். பிறகு இரண்டு மூலைகளையும் லேசாகத் திருகிப் பாருங்கள், மூடி அட்டை மாதிரி வளைந்தால் அது பையில் புத்தகங்களுக்கு நடுவே பிழைக்காது.

சூட்டுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு மாணவர், வாங்கி ஒன்றரை வருடமான லேப்டாப்பைக் கொண்டுவந்தார். கேம் திறந்த பத்தாவது நிமிடம் திக்க ஆரம்பிக்கிறது, கார்டு போய்விட்டது என்று பயந்திருந்தார். அடிமூடியைக் கழற்றினேன். ஃபேனில் தூசி அதிகம் இல்லை. ஃபேனைத் தூக்கிப் பார்த்தால், அதற்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பட்டை, கம்பளித் துணியை வெட்டி வைத்த மாதிரி. மெத்தையில் வைத்து ஆடியதில் போர்வை நூலும் முடியும் சேர்ந்து இறுகிப்போயிருந்தது. சாமணத்தால் பிடித்து இழுத்தபோது ஒரே துண்டாக வந்தது. சுத்தம் செய்து, காய்ந்திருந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதோடு வேலை முடிந்தது. கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் வாங்குமுன் அடிமூடி சாதாரணத் திருகுகளில் கழலுமா, அதைக் கழற்றினால் வாரண்டி போகுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எட்டு மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பட்டையை எடுத்தால் நான்கு வருடம் என்பது நடக்கக்கூடிய காரியம்தான்.

பேட்டரி உப்புவதற்குக் காரணம் பெரும்பாலும், எப்போதும் சார்ஜரில் செருகி 100 சதவீதத்திலேயே சூட்டோடு வைத்திருப்பது. கம்பெனி மென்பொருளில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு இருக்கும், அறையில் ஆடும் நாட்களில் அதைப் போட்டு வையுங்கள். டச்பேட் மேலே தூக்கினாலோ, அழுத்தும்போது 'டிக்' சத்தம் வராமல் போனாலோ லேப்டாப்பை அணைத்துவிட்டு நேராகச் சர்வீஸுக்குப் போங்கள். அது டச்பேட் கோளாறு இல்லை, கீழே பேட்டரி உப்பித் தள்ளுகிறது.

இன்னொன்றை அக்கறையோடு சொல்கிறேன். இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்களில் எஸ்எஸ்டியில் உள்ள தகவல் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் தானாகவே பூட்டப்படுவது சகஜம். மதர்போர்டை மாற்ற வேண்டி வந்தால், பழைய எஸ்எஸ்டி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லாமல் என்னாலும் முடியாது, கம்பெனியாலும் முடியாது. இறுதியாண்டு புராஜெக்ட்டை இப்படி இழந்து என் எதிரில் உட்கார்ந்து அழுத பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே அந்தச் சாவியை எடுத்துக் காகிதத்தில் எழுதி லேப்டாப் பையில் இல்லாத இடத்தில் வையுங்கள், பாட வேலைகளுக்கு லேப்டாப்புக்கு வெளியேயும் ஒரு நகல் இருக்கட்டும்.

கேம் பட்டியலில் வாலரன்ட்டும் அது போன்ற இலகுவானவையும் மட்டும்தான் என்றால் என் பதில் முழுக்க வேறாக இருந்திருக்கும். ரேடியான் 780எம் போன்ற உள்ளமைந்த கிராஃபிக்ஸே அவற்றை 1080பியில் ஓட்டிவிடும், ஒன்றரைக் கிலோ லேப்டாப்போடு முடித்துக்கொள்ளலாம். சைபர்பங்க் என்று எழுதியதால்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அதை வருடத்துக்கு இரண்டு முறைதான் ஆடுவீர்களா, தினமும் ஆடுவீர்களா என்று நீங்களே ஒரு முறை யோசித்துக்கொள்ளுங்கள்.

கூலிங் பேட் இப்போது வாங்க வேண்டாம். அடியில் சும்மா ஊதுகிற சாதாரண பேடுகள் ஒரு சில டிகிரிதான் குறைக்கும், அதிலும் பெரும்பங்கு லேப்டாப் தரையிலிருந்து உயர்வதால் கிடைப்பது. கெட்டியான மேஜையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கிவிடுங்கள். அடியில் உள்ள காற்று வழிகளையும் ரப்பர் பாதங்களையும் பார்த்து, வழியை மறைக்காமல் பின் ஓரத்தில் இரண்டு மரக்கட்டை வைத்தாலே போதும்.